“ஊசி கூட போடல, அண்ணாச்சி!”: வேண்டாத சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் 19 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன், டாக்டர் இல்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வாய் வராத கேள்வியை எல்லாம் ஜனங்கள் சீட்டை நீட்டும்போது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை.

“வேண்டாத சிகிச்சை” என்றால் எது? அதை யார் முடிவு செய்வது?

செய்தாலும் செய்யாவிட்டாலும் நோயாளி ஒரே மாதிரிதான் குணமாவார் என்று தெரிந்த பிறகும் செய்கிற பரிசோதனை, மருந்து, ஊசி, ஆபரேஷன். நல்லதைவிடக் கெடுதல் கூடுதல் என்று தெரிந்தவையும் இதில் சேரும். ஒரே மாத்திரை ஒருவருக்கு உயிர் காக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு வீண். நிமோனியா வந்த குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. ஜலதோஷம் பிடித்த குழந்தைக்கு அதே மருந்து வயிற்றுப்போக்கைத் தவிர வேறொன்றும் தராது. அதனால் கெட்ட மருந்து, நல்ல மருந்து என்று பட்டியல் போட முடியாது.

யார் முடிவு செய்வது என்றால், டாக்டர்களே தங்கள் துறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2012-ல் ‘சூசிங் வைஸ்லி’ (யோசித்துத் தேர்ந்தெடுப்பது) என்ற இயக்கம் தொடங்கியது. ஒவ்வொரு சிறப்பு மருத்துவர் சங்கமும் “எங்கள் துறையில் வழக்கமாகச் செய்யப்படுகிறவற்றில் இவற்றைக் கேள்வி கேளுங்கள்” என்று தானே எழுதிக் கொடுத்தது. அது கனடா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 2019-ல் புற்றுநோய் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய 10 விஷயங்களை வெளியிட்டது.

ஊசியும் போடவில்லை, குளுக்கோஸும் ஏற்றவில்லை. பிறகு எதற்கு ஃபீஸ்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். எங்கள் பக்கம் ஒரு டாக்டரைப் பற்றிப் பேசினால் முதலில் கைராசி, அடுத்தது ஊசி. “நாலு பேச்சு பேசி, வெறும் மாத்திரை எழுதி அனுப்பிட்டார்” என்று குறையாகச் சொல்வார்கள். அந்த நாலு பேச்சுக்குத்தான் ஃபீஸ். காய்ச்சல் ஆபத்தானதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல அவர் வருடக்கணக்கில் படித்திருக்கிறார்.

குளுக்கோஸ் விஷயத்தில் கணக்கு எளிது. அரை லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதிலிருந்து 100 கலோரிக்குள்தான் கிடைக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டால் அந்த அளவு வந்துவிடும். “ஆனா ஏத்தினதும் தெம்பா இருக்கே” என்பார்கள். தெம்பு வருவது பொய்யில்லை. இரண்டு மணி நேரம் படுத்திருக்கிறோம், உடம்புக்குத் தண்ணீர் போகிறது, அதற்குள் காய்ச்சல் மாத்திரையும் வேலை செய்துவிடுகிறது. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இதெல்லாம் வீட்டிலேயே நடக்கும். வாந்தி நிற்காதவருக்கும் மயங்கிக் கிடப்பவருக்கும் டிரிப் கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுப் பேச்சு இல்லை.

இந்த இடத்தில் திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அவர் சர்க்கரை, உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளவாகக் கலந்து டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இறந்த பிறகு, 2023-ல், அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய விஷயம் எங்கள் கடையில் ‘ஓ.ஆர்.எஸ்.’ பொடி என்று சில ரூபாய் பாக்கெட்டாகத் தொங்குகிறது. பேதியான பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள் அதைப் பார்த்து, “இந்தப் பொடியா? டிரிப் ஏத்துற இடம் எங்க இருக்கு?” என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். (வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சர்க்கரைத் தண்ணீர் டப்பாக்களில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடுவதற்கு 2025 அக்டோபரில்தான் தடை வந்தது.)

ஊசிக்கும் இதே பதில்தான். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் மாத்திரை போதும்போது ஊசி போட்டால், சீழ் பிடிக்கலாம், இடம் தவறினால் காலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படலாம். பயன்படுத்திய சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் ரத்தோடேரோ ஊர் சாட்சி. 2019-ல் அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலோரின் பெற்றோருக்குத் தொற்று இல்லை.

சளி, இருமலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டால் ஏன் தர மறுக்கிறீர்கள்? முன்னெல்லாம் கொடுத்தீர்களே?

கொடுத்தேன். கடை தொடங்கிய முதல் சில வருடங்கள் “சளிக்கு ரெண்டு செட் கொடுங்க” என்று கேட்டால் அதில் ஒரு ஆன்டிபயாடிக்கும் வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு. சீட்டில்லாமல் அந்த மருந்தை விற்பது சட்டப்படியும் தப்பு. 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணை என்று கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலும் வந்தது. செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக்குகளுக்கு, எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று பெயர் வைத்துச் சீட்டில்லாமல் விற்கிற கடைகளில் திடீர்ச் சோதனை போட்டார்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரை எதையும் நீங்களாகக் கேட்காதீர்கள், நாங்களாகத் தரவும் கூடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மக்கள் ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்தால், இருமல் எத்தனை நாள் இருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது தெரியும். 2013-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். சாதாரண மார்ச்சளி இருமல் 7 முதல் 9 நாளில் போய்விடும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 18 நாள். இந்த இடைவெளியில்தான் சிக்கல். ஆறாம் நாள் பயம் வருகிறது, ஆன்டிபயாடிக் வாங்குகிறார்கள். தானாகக் குறைய வேண்டிய இருமல் பத்து, பன்னிரண்டு நாளில் குறையத் தொடங்கும்போது மாத்திரைக்குப் பெயர் கிடைக்கிறது. அடுத்த முறையும் அதே மாத்திரைதான் வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் இது ஜார்ஜியாவைவிடக் கூடுதலாகவே நடக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு விஷயம் மட்டும் நம் நாட்டுக்கு வேறு. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். சில ஆன்டிபயாடிக்குகளை இடையில் போட்டுக்கொண்டால் காசநோய் கொஞ்சம் அடங்கி, கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும். வேண்டாத மருந்து, வேண்டிய பரிசோதனையை மறைத்துவிடுகிறது.

காய்ச்சல் என்றால் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

நிம்மதி கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தவறான சமயத்தில் எடுத்த டெஸ்ட் தவறான பதிலைத் தரும். டைஃபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் முன்பு எப்போதோ அந்தக் கிருமி வந்துபோன பலருக்கும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருக்கும். ஒரே ஒரு முறை எடுத்து ‘பாசிட்டிவ்’ வந்தது என்பதை மட்டும் வைத்து டைஃபாய்டு என்று சொல்லிவிட முடியாது. உறுதி செய்ய ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வேண்டும்.

டெங்கு சீசனில் தெருவெல்லாம் ஒரே விசாரிப்பு: “கவுன்ட் எவ்வளவு?” பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) எண்ணிக்கை குறைந்ததும் வீட்டார் ரத்த வங்கிக்கு ஓடுவார்கள், “ஏத்துங்க டாக்டர்” என்று கெஞ்சுவார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கவுன்ட் 20,000-க்குக் கீழே போய், ரத்தக்கசிவு இல்லாத 372 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. ஏற்றியவர்களுக்குப் பக்கவிளைவுதான் கூடியது. டெங்குவில் கவனிக்க வேண்டியது வேறு: வயிற்று வலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, கை கால் ஜில்லென்று ஆவது, ஈறில் ரத்தம். அதிலும் காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் ஆபத்து வரும். “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று நாம் மூச்சு விடுகிற நேரம் அது.

முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன தப்பு? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமே.

எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன். அவருக்கு 58 வயது இருக்கும்போது நெல் மூட்டையைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் நாலாவது நாளே ஒரு பெரிய ஊரில் ஸ்கேன் எடுத்தோம். ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்தது, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார்கள். பணம் புரட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் கால் பெருவிரலை மடக்கச் சொல்லி, முட்டியில் தட்டி, குதிகாலால் நடக்கவிட்டுப் பார்த்தார். “நரம்பு நல்லா இருக்கு. படுத்தே கிடக்காம நடங்க. ஆறு வாரம் பார்ப்போம்” என்றார். ஐந்தாவது வாரம் அப்பா வயலுக்குப் போனார்.

ஆனால் அந்த ரிப்போர்ட் விட்டுப்போன பயம் போகவில்லை. “டிஸ்க் வெளிய வந்துட்டு” என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. பேத்தியைத் தூக்கவில்லை. வலி இல்லாதபோதும் தூக்கவில்லை. எங்களுக்கு ஸ்கேனுக்குப் போன காசைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. முதுகு வலியே இல்லாத சுமார் 3,000 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. டிஸ்க் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு. தலை நரைப்பது மாதிரி அது உள்ளே நடக்கிற நரை. யாரை ஸ்கேனில் படுக்க வைத்தாலும் ஏதாவது தெரியும், வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது.

சரி, எப்போது உடனே எடுக்க வேண்டும்? கால் பலம் குறைந்தால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கூடவே காய்ச்சல் இருந்தால், முன்பு புற்றுநோய் வந்திருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், விழுந்து அடிபட்டிருந்தால். இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

வருடத்துக்கு ஒருமுறை மாஸ்டர் செக்கப் எடுப்பது நல்லதுதானே?

பொங்கல் ஆஃபர், மகளிர் தின ஆஃபர் என்று நோட்டீஸ் என் கடையிலும் கொண்டுவந்து வைக்கிறார்கள். 60 டெஸ்ட், 80 டெஸ்ட் என்று எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுகிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மொத்தம் இரண்டரை லட்சம் பேரைச் சேர்த்து, பொதுவான செக்கப்புக்கு அழைக்கப்பட்டவர்களையும் அழைக்கப்படாதவர்களையும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு ஒப்பிட்டுப் பார்த்து, 2019-ல் புதுப்பித்து வெளியிட்டது. சாவு எண்ணிக்கையில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை.

எதையும் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 30 வயதைத் தாண்டியவர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை மிக முக்கியம், அதற்குத்தான் யாரும் வருவதில்லை. இவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் நடக்கின்றன. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து 80 டெஸ்ட் எடுத்துவிட்டு, அதில் சர்க்கரை கூட என்று தெரிந்த பிறகும் மாத்திரையை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் வேண்டாத வேலையா?

எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது. தென்கொரியாவில் 1999-ல் அரசே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்வோம் என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஒரே வருடத்தில் 40,000-க்கு மேல். அந்த நோயால் இறந்தவர்கள்? வருடத்துக்கு 300 முதல் 400 பேர், முன்பு இருந்த அதே அளவுதான். அதாவது வாழ்நாள் முழுக்கத் தொல்லையே தராமல் கிடந்திருக்கும் சின்னக் கட்டிகளைத் தேடிப் பிடித்து ஆயிரக்கணக்கானவர்களின் சுரப்பியை எடுத்திருக்கிறார்கள். அதில் பலர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள், சிலருக்குக் குரல் போனது. 2014-ல் சில டாக்டர்கள் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள். ஒரே வருடத்தில் ஆபரேஷன் 35 சதவீதம் குறைந்தது.

நான் இதில் கவனிப்பது, மக்களிடம் நேராக எடுத்துச் சொன்னபோது அவர்கள் கேட்டார்கள் என்பதை. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அமெரிக்காவில் 500 பேரிடம், “உங்களுக்கு 1,000 டாலர் வேண்டுமா, முழு உடல் சி.டி. ஸ்கேன் இலவசமாக வேண்டுமா?” என்று கேட்டபோது 73 சதவீதம் பேர் ஸ்கேனைத்தான் கேட்டார்கள். ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சிசேரியன் ஏன் இவ்வளவு கூடிவிட்டது? டாக்டர்கள்தானே காரணம்?

தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-ன்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய அளவில் 21.5. ஒரு நாட்டில் மொத்தமாகப் பார்த்தால் 10 சதவீதத்துக்கு மேல் கூடுவதால் தாய் சேய் உயிர் கூடுதலாகக் காப்பாற்றப்படுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது.

டாக்டர்கள் மட்டும் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிற மாமியார்களை எனக்கே தெரியும். பிரசவ அறையில் தனியாகக் கிடந்து, திட்டு வாங்கி, “இனி வலி தாங்க மாட்டேன்” என்று சொன்ன பெண்களையும் தெரியும். அந்தப் பெண்ணிடம் போய்ப் புள்ளிவிவரம் பேசக் கூடாது. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், மரியாதையான பேச்சு, இரவிலும் டாக்டர் இருப்பார் என்ற தைரியம் இருந்தால் பலர் காத்திருப்பார்கள். சிசேரியனால் அடுத்த பிரசவத்தில் நச்சுக்கொடி தழும்போடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும் என்பதை முதல் பிரசவத்தின்போதே யாராவது சொல்ல வேண்டும். தேவைப்பட்ட சிசேரியன் உயிர் காத்தது. அதைச் செய்துகொண்ட தாய் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதயத்தில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும் அல்லவா?

மாரடைப்பு வந்துகொண்டிருக்கிற நேரம் என்றால் ஆமாம், ஓடுங்கள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நடந்தால் மட்டும் நெஞ்சைப் பிடிக்கிற, மாத்திரையில் அடங்குகிற நிலையான அடைப்பு வேறு. அப்படிப்பட்ட 5,179 பேரிடம் நடந்த ‘இஸ்கெமியா’ ஆய்வு 2020-ல் வெளிவந்தது. உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய்) அல்லது பைபாஸ் என்று போனவர்களுக்கும் மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் சாவிலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு வலி குறைவதில் ஸ்டென்டுக்குப் பலன் உண்டு. அதனால் யோசிக்க நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

“தேவையில்லை” என்று சொல்வது ஏழைகளுக்குச் செலவழிக்காமல் தட்டிக்கழிக்கும் வழிதானே?

பூக்கட்டி விற்கிற ஒரு அக்கா இதைக் கேட்டார். “வசதி உள்ளவங்களுக்கு எல்லா டெஸ்டும் எடுக்கிறாங்க. எங்களுக்குத்தான் தேவையில்லைன்னு சொல்றாங்க, அண்ணாச்சி.” அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அவர் சந்தேகம் தப்பு என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வரிசையின் கடைசியில் நிற்க வைக்கப்பட்டவருக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் ‘உனக்குக் கிடையாது’ என்றுதான் கேட்கும். அதே அக்காவுக்கு மூன்று வருடமாக யாரும் பிரஷர் பார்த்ததில்லை. தலைவலிக்கு ஊசி மட்டும் பல தடவை போட்டிருக்கிறார். வேண்டாதது நிறையவும் வேண்டியது குறைவாகவும் ஒரே ஆளுக்குக் கிடைத்திருக்கிறது.

பணக்கார நாட்டிலும் இதே சந்தேகம் உண்டு. 2009 நவம்பரில் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, 40 வயதுகளில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் வழக்கமாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேண்டாம், 50-லிருந்து போதும் என்றது. நாடே கொதித்தது. காசை மிச்சம் பிடிக்கப் பெண்களைச் சாகவிடுகிறார்கள் என்றார்கள். அதே குழு 2024-ல் 40 வயதிலிருந்தே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னது. கேள்வி கேட்ட பெண்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

என் எண்ணம் இதுதான்: வெறும் ‘வேண்டாம்’ சிகிச்சை ஆகாது. ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்வது, எந்த அறிகுறி வந்தால் எப்போது திரும்ப வருவது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சிகிச்சை. அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர் யாரும் என்னிடம் வந்து டாக்டரைக் குறை சொன்னதில்லை.

அப்படியானால் டாக்டர்கள் ஏன் எழுதுகிறார்கள்? கமிஷனா?

கமிஷன் இருக்கிற இடங்கள் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அது காரணமில்லை. இந்தியாவில் ஆரம்பநிலை டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சராசரியாக 2 நிமிடம் என்று 2017-ல் ஒரு பன்னாட்டு ஆய்வு தொகுத்தது. ஸ்வீடனில் 22 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ‘ஏன் வேண்டாம்’ என்று விளக்க முடியாது, டெஸ்ட் எழுத முடியும். அப்புறம், ஏதாவது ஒன்று விட்டுப்போனால் வழக்கு, அடிதடி என்ற பயம். “எழுதிக் கொடுங்க” என்று நாம் கொடுக்கிற நெருக்கடியும் சேர்கிறது.

எங்கள் வீட்டில் ஒருவரைக் கொரோனாவில் இழந்துவிட்டோம். இன்னும் செலவு செய்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று மனம் ஆறவில்லை.

2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி முன்னால் ரெம்டெசிவிர் மருந்துக்காக வெயிலில் நின்ற கூட்டத்தை நானும் டி.வி.யில் பார்த்தேன். என் போன் ராத்திரி முழுக்க அடித்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு அந்த மருந்து வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. கொரோனாவிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மாவுக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு) எத்தனை பேர் கெஞ்சினார்கள்! நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆராய்ந்து, அதனால் சாவு குறையவில்லை என்று 2020-லேயே சொல்லிவிட்டது. 2021 மே மாதம்தான் அதைச் சிகிச்சை வழிமுறையிலிருந்து எடுத்தார்கள்.

உங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த மருந்து அவரைப் பிழைக்க வைத்திருக்கும் என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் அலைந்தது அன்பால். அந்த அலைச்சலைப் பிழையாக எண்ணி உங்களையே வருத்திக்கொள்ளாதீர்கள்.

வயதானவரை ஐ.சி.யு.வில் வைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஏதாவது சொல்லும். பெரியவர் என்ன விரும்பினார் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். தன் கடைசிக் காலச் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதி தந்து, 2023-ல் அந்த முறையை எளிதாக்கியது. குழாயும் வென்டிலேட்டரும் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வலி நிவாரணம், மூச்சுத் திணறலுக்கு மருந்து, வாயை நனைப்பது, பக்கத்தில் இருப்பது எதுவும் நின்றுவிடாது. அதற்கென்றே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன, கேளுங்கள்.

டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? கோபப்பட மாட்டாரா?

“நெட்ல பார்த்தேன், இது வேண்டாமாமே” என்று தொடங்கினால் கோபம் வரலாம். என் கடைக்கு வருகிறவர்களுக்கு இப்படிச் சொல்லித்தருகிறேன்:

“டாக்டர், இதை இன்னைக்கே எடுக்கணுமா, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா?”

“ரிசல்ட் எப்படி வந்தாலும் மருந்து மாறுமா?”

“இதுல பக்கவிளைவு என்ன? இதைவிட எளிதா வேற வழி இருக்கா?”

இந்த மூன்றே போதும். முடிந்தால் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் கொண்டுபோங்கள். பாதி டெஸ்டுகள் பழையது கையில் இல்லாததால்தான் திரும்ப எடுக்கப்படுகின்றன என்று எனக்குத் தோன்றும். “எனக்கு மருந்து கட்டாயம் வேணும்னு இல்ல டாக்டர், என்னன்னு தெரிஞ்சா போதும்” என்று சொல்லிப் பாருங்கள். பல டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

வேண்டாம் வேண்டாம் என்று இருந்து, வேண்டியதை விட்டுவிட்டால்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குளறுவது, வலிப்பு, நினைவு தப்புவது, ரத்தம் நிற்காதது, பால் குடிக்காத கைக்குழந்தை, பாம்புக்கடி. இவற்றுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-க்கு அழையுங்கள். தடுப்பூசியும், சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, காசநோய் மாத்திரைகளும் வேண்டாத மருந்துப் பட்டியலில் ஒருநாளும் வராது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்படிச் சொன்னால் உங்கள் வியாபாரம் என்ன ஆகும்?

சளி சீசனில் குறைகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போய் வாங்குகிறவர்களும் உண்டு. இப்போது யாராவது இருமலுக்கு வந்தால், இருமல் தொடங்கிய தேதியை மருந்துக் கவரில் எழுதுகிறேன். கீழே 14 நாள் தள்ளி இன்னொரு தேதி, ‘அதுவரை குறையலன்னா சளி டெஸ்ட்’ என்று. போன மழைக்காலத்தில் பூக்கார அக்கா அந்தக் கவரை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்து, சரியாக அந்தத் தேதியில் கொண்டுவந்து காட்டினார். இருமல் பாதி குறைந்திருந்தது, முழுசாகப் போகவில்லை. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். சளியில் ஒன்றுமில்லை என்று வந்தது. பிரஷர் 170 இருந்தது. இப்போது மாதாமாதம் மாத்திரை வாங்கி வருகிறார்.